கும்பிட்ட கையைப் பிரித்துவிட்டவர்

வாசகரே, உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். நடுவர் இரண்டு தரப்பையும் கேட்பார், தீர்ப்புச் சொல்வார், தோளில் விழுந்த சால்வையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். சாட்சிக்கு அந்த வசதி கிடையாது. பார்த்ததைச் சுமந்துகொண்டே திரிய வேண்டும். நான் அப்படித்தான் திரிந்துகொண்டிருக்கிறேன். சுமையின் ஒரு முனையை நீங்களும் பிடியுங்கள்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளையே யாராவது அதை ஒரு பதாகையில் அச்சடித்துவிடுவார்கள். எல்லோரும் அவரை அக்கா என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

மதுரை கே.கே. நகரில், ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. இராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர்களுக்கும், திரும்பாமலே போனவர்களின் வீட்டாருக்கும் உதவுவது அதன் வேலை. ஓய்வூதியம் நின்றுபோனால் எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று சொல்லும். மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்கும். மழைக்கு முன் ஒழுகும் கூரையை மாற்றித் தரும். படுக்கையில் விழுந்தவருக்கு மருந்தும், அந்த மருந்தோடு பேச்சுத் துணைக்கு ஓர் ஆளும் அனுப்பும். அப்படி அனுப்பப்பட்ட ஆள்தான் அக்கா. அவரும் ஒரு படைவீரரின் மனைவி, கணவரை இழந்தவர். ஒரு காலத்தில் அதே மாடிப்படியில் உதவி கேட்டு ஏறியவர்.

நான் ஏறியது வேறு காரணத்துக்காக. நான் மேடைக்காரன். எந்தத் தரப்பைக் கொடுத்தாலும் வென்று காட்டுவான் என்று கல்லூரிப் பட்டிமன்றங்களில் பெயர் வாங்கியவன். அந்தப் பெயரைத் திருப்பித் தரும் எண்ணம் இன்றும் எனக்கு இல்லை. ஒரு போட்டிக்குத் தலைமை தாங்க வந்த ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர், அறக்கட்டளையின் தலைவர், என் தோளைத் தட்டினார். "தம்பி, எங்களுக்குக் கொடுக்க மனசுள்ளவங்க இருக்காங்க. அந்த மனசைத் தொட ஒரு குரல் இல்லை. நீ பேசு. பேசறதுக்கு முன்னாடி, எங்க அக்கா பின்னால வண்டியில உக்காந்து நாலு வீட்டைப் பாத்துட்டு வா."

அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். சாம்பல் நிற ஸ்கூட்டர். எந்த வீட்டு வாசலில் நிறுத்தினாலும் அக்கா அதை அணைக்க மாட்டார். ஸ்டாண்டு போடுவார், சாவியைத் தொட மாட்டார். உள்ளே அவர் பேசிக்கொண்டிருப்பார், வெளியே அது உறுமிக்கொண்டிருக்கும். தெருப் பிள்ளைகள் ஹாரனை அமுக்கிவிட்டு ஓடுவார்கள். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்து முகம் சுளிப்பார்கள்.

"அக்கா, பெட்ரோல் இப்படிப் போகுதேன்னு ஆபீஸ்ல புலம்புறாங்க" என்றேன்.

"புலம்பட்டும். வண்டி நின்னா நானும் நிக்கணும். நான் நின்னா கும்புட வந்துருவாக."

அதுதான் அவர். அவரால் கூப்பிய கைகளைப் பார்க்க முடியாது. சிலருக்கு இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும், சிலருக்குப் பாம்பைக் கண்டால் கால் ஓடாது. அவருக்குக் கும்பிட்ட கை. நான் போன முதல் நாளே கண்டேன். சிலைமான் பக்கம் ஒரு வீடு. மகனை இராணுவத்தில் பறிகொடுத்த தாய். கண் புரைக்கு அறுவைச் சிகிச்சை ஏற்பாடாகிவிட்டது என்று அக்கா சொன்னதும், அந்த அம்மாளின் இரு கைகளும் தாமாகவே மேலெழுந்து நெஞ்சருகே சேர்ந்தன. அக்கா ஓரடி பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்தார். ஒட்டிப்போன பலாச்சுளையைப் பிரிப்பதுபோல் பிரித்தார். ஒன்றை இந்தப் பக்கமும் மற்றொன்றை அந்தப் பக்கமும் இறக்கிவிட்டார்.

"கும்புடு மீனாட்சிக்கு. எனக்கெதுக்குத்தா? நாந்தேன் ஒனக்குக் கண்ணு செஞ்சேனா?"

"நீதானம்மா அலைஞ்ச..."

"அலையுறது என் வேலை. ஆசுபத்திரிக்கு வியாழக்கிழமை வெறும் வயித்தோட வரணும். மறந்துராத. வாரேன், வண்டி ஓடிக்கிட்டு இருக்கு."

வாசற்படி தாண்டுவதற்குள் அவர் முகத்தில் வியர்வை அரும்பியிருந்தது. நன்றியை இப்படி நெருப்பாகக் கண்டு ஒதுங்கும் ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. எனக்கோ கைத்தட்டல் என்பது மூச்சு. எங்கள் இருவருக்கும் அன்றைக்கே வழக்குத் தொடங்கிவிட்டது.

அவர் என்னை 'மைக்கு' என்று அழைப்பார். "ஏறு மைக்கு." "மைக்கு, தண்ணி குடிச்சியா?" நான் வாதாடினால், "செத்த நேரம் வயரைப் புடுங்கி வையி" என்பார். நான் கோபித்துக்கொண்டதில்லை. என் குரலுக்கு அவர் அஞ்சினார் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. ஒருமுறை சொன்னார்: "நீ நல்லாப் பேசுற தம்பி. அதேன் பயமா இருக்கு. மோசமாப் பேசுறவன் சொன்னா எவன் அழுகப் போறான்?"

ஆனால் ஒரு வீட்டில் மட்டும் அவர் கை உயர்த்துவார். அது எங்கள் ஆனையூரில், என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த முதிய சுபேதாரின் வீடு. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், பேச்சும் குழறிவிட்டது. அக்கா உள்ளே நுழைந்ததும் அவர் தம் இயங்கும் கையை மெல்ல மெல்ல உயர்த்தி நெற்றியருகே கொண்டுபோவார். அது போய்ச் சேர நேரமாகும். அக்கா அசையாமல் காத்திருப்பார். சேர்ந்ததும், குதிகாலை ஒட்டி நின்று, விரல்கள் நெருங்கிய கையை நெற்றிக்குக் கொண்டுபோய் அந்தச் சல்யூட்டைத் திருப்பி வைப்பார். அவர் படையில் இருந்தவர் இல்லை. ஆனாலும் பிசகில்லாமல் வைப்பார்.

வெளியே வந்ததும் மடக்கினேன். "கும்பிட்டா புடிக்கலை. சல்யூட்டுன்னா மட்டும் இனிக்குதா? ரெண்டும் மரியாதைதானே?"

"ரெண்டும் ஒண்ணா? கும்புட்டா, வாங்குறவன் பாட்டுக்கு வாங்கிக்கிட்டுப் போயிருவான். சல்யூட்டு அப்படியில்ல. எம்புட்டுப் பெரிய ஆபீசரா இருந்தாலும் திருப்பி வச்சே ஆகணும். எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, வைக்கிறவன் கடன்காரன் இல்லை, வாங்குறவந்தேன் கடன்காரன்னு."

அந்த வாதத்தை நான் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். எதிராளியின் நல்ல வரியை அவருக்கே எதிராகத் திருப்புவது எங்கள் கலையின் அரிச்சுவடி. வாய்ப்பு விரைவில் வந்தது.

அழகர்கோவில் சாலையில் உள்ளடங்கிய ஓர் ஊர். கணவர் படையிலிருந்து ஓய்வுபெற்று வந்து நோயில் இறந்துபோக, தனியாகக் காய்கறி பயிரிடும் ஓர் அம்மாள். குடும்ப ஓய்வூதியம் பெயர் மாறாமல் கிடந்தது. அக்கா அலைந்து மாற்றிக் கொடுத்திருந்தார். நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மாள் கும்பிடவில்லை. முன் அனுபவம் போலும். ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"கொண்டு போ தாயி. நம்ம கொடியில காச்சது."

"வேணாம்மா. எங்களுக்கு வாங்குற வழக்கம் இல்லை."

"வழக்கமா? பூசணிக்காய்க்கென்னடி வழக்கம்? எங்க வீட்டுக் காய் கசக்குமா?"

அக்கா வண்டியை வளைத்து எடுத்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாள் காயை இடுப்பில் வைத்தபடி, குழந்தையை இறக்கிவிட இடம் தெரியாதவர்போல் நின்றார்.

மூன்றுமாவடி நெரிசலில் வண்டி நின்றபோது அவர் காதருகே சொன்னேன். "அக்கா, கும்பிடு கூடாதுன்னீங்க, சரி. அந்தம்மா கும்பிடலை. அவங்க வச்சது சல்யூட்டு. நீங்க அதைத் திருப்பி வைக்கலை."

பின்னால் நின்ற பேருந்து ஒலியெழுப்பும்வரை அவர் வண்டியை நகர்த்தவில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது அவரே அந்த வாசலில் இறங்கி, "என் பூசணிக்கா எங்க?" என்று சத்தமிட்டார். அந்த அம்மாள், "அது சாம்பாருக்குப் போயிருச்சு. ஒனக்கெதுக்கு? நீதேன் பெரிய மனுசியாச்சே" என்று முறுக்கிக்கொண்டே உள்ளே போய், அதைவிடப் பெரிய காய் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு கே.கே. நகர்வரை வந்தேன். என் தொடை மரத்துப்போனது. ஆனால் வாதத்தில் வென்றவன் நான்.

அந்த ஒரு வெற்றியை நினைத்து நான் நீண்ட நாள் மகிழ்ந்திருக்கலாம். மழை கெடுத்தது.

மேலூர்ச் சாலையில், அக்காவின் ஊருக்குப் பிரியும் முக்கில் ஒரு டீக்கடை உண்டு. மதுரைக்காரருக்கு டீக்கடையைக் கண்டால் கால் தானாக ஊன்றும். அக்காவோ அந்த முக்கு வந்ததும் வண்டியை முறுக்குவார். அன்று மழை முகத்தில் அறைந்தது, சாலை தெரியவில்லை. வேறு வழியின்றி அங்கே ஒதுங்கினோம். கடைக்காரர் முகம் மலர்ந்தார்.

"வாங்கக்கா! எம்புட்டு நாளாக் கூப்பிடுறேன், இன்னைக்குத்தேன் மழை கொண்டாந்து விட்டுருக்கு. உங்க புண்ணியத்துலதேன் நம்ம கடை நனையாம இருக்கு."

சொல்லிவிட்டு மேலே காட்டிச் சிரித்தார். நிமிர்ந்து பார்த்தேன். கடை முகப்புக்குக் கூரையாக ஒரு பழைய ஃப்ளெக்ஸ் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தது. சாயம் போய், ஓரம் கிழிந்து, மழைநீர் தேங்கி வயிறு தள்ளித் தொங்கியது. தேங்கிய இடத்தில் இரண்டு கைகள். கூப்பிய கைகள். அவற்றுக்குப் பின்னால் இன்னும் இளமையான, வீங்கிய கண்களோடு ஒரு முகம். அது அக்கா. பக்கத்தில் மாலையணிந்த யாரோ ஒரு பெரிய மனிதர். அவர் முகத்தை வெயில் தின்றிருந்தது. 'கண்ணீர் துடைத்த கரங்களுக்கு நன்றி' என்ற எழுத்து மட்டும் இன்னும் பளிச்சென்று இருந்தது.

"நனையாம இருக்கட்டும்யா" என்றார் அக்கா. டீ வாங்கிக் கொடுத்தார். தாம் குடிக்கவில்லை.

மழை விட்டு வண்டி ஓடத் தொடங்கிய பிறகு, முன்னால் பார்த்தபடியே பேசினார். காற்று பாதிச் சொற்களைக் கொண்டுபோனது. எனக்குக் கிடைத்தவை இவை:

"எங்க வீட்டுக்காரரு பனிச்சரிவுல போயிட்டாரு. காரியம் முடிஞ்ச கையோட மேடைக்குக் கூப்பிட்டாக. உதவி குடுத்தாக. பொய் சொல்லக் கூடாது, அது இல்லைன்னா எம்மகளைப் படிக்க வச்சிருக்க மாட்டேன். கும்புடும்மான்னாக, கும்புட்டேன். போட்டோக்காரரு, 'கையைக் கீழ போடாதீங்கம்மா, இன்னொண்ணு'ன்னாரு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. கண்ணைத் தொடைக்கக் கை வேணும்ல? கை ரெண்டும் அவுக கிட்ட மாட்டிக்கிச்சு, தம்பி. அப்படியே ஒழுகவிட்டுக்கிட்டு நின்னேன். அது நல்லா வந்துருக்குன்னு அதையே அடிச்சு ஊருமுக்குல கட்டிட்டாக. பஸ்ஸுக்கு நிக்கும்போதெல்லாம் என்னைய நானே பாப்பேன்."



ஆனால் வழக்கு முடியவில்லை. உண்மையில் அப்போதுதான் அது நீதிமன்றம் ஏறியது. காரணம், திருவாதவூர் ஹவில்தார். ஊரார் வாயில் 'அவல்தாரு'. படையில் முழுக் காலமும் பணியாற்றிவிட்டு வந்து, ரிங் ரோட்டில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் காவல் வேலை பார்த்தவர். ஒரு விடியற்காலையில் சைக்கிளில் வீடு திரும்பும்போது லாரி ஒன்று அவர் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. அவருக்கு ஏற்கெனவே ஒரு செயற்கைக் கால் கிடைத்திருந்தது. வீட்டுத் தரைக்கு அது போதும். கண்மாய்க் கரையடியில் அவருக்கு வயல் இருந்தது.

"சேத்துல வச்சு எடுத்தா, கால் அங்கேயே நின்னுருது தங்கச்சி" என்று அக்காவிடம் முறையிட்டார். "நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். நடுகைக்காரப் பொம்பளைக சிரிக்கிறாளுக. 'அவல்தாரு காலை நட்டுட்டாரு, அடுத்த போகத்துக்கு ரெண்டாக் காய்க்கும்'னு சொல்றாளுக."

அவர் வேண்டியது ஒன்றுதான்: சேற்றில் நிற்கும் ஒரு கால். அடுத்த நடவுக்குள் கிடைக்கவில்லை என்றால் வயலைக் குத்தகைக்கு விடுவதைத் தவிர வழியில்லை. வரப்பில் உட்கார்ந்து ஏவல் சொல்லும் வாழ்க்கை அவருக்கு வேண்டாம். அத்தகைய கால் செய்பவர்கள் இருந்தார்கள். விலைதான் அறக்கட்டளையின் கைக்கு எட்டவில்லை. கர்னல் ஒரு ஜவுளிக்கடை முதலாளியைப் பிடித்தார். அவர் உடனே சம்மதித்தார்; ஒரு நிபந்தனையோடு. ஆண்டு விழாவில் ஹவில்தார் புதுக் காலோடு மேடையில் நடந்து வர வேண்டும். தாம் சால்வை போர்த்த வேண்டும். அதன் பிறகே காசோலை; அதுவரை காலைக் கடனாகத் தர, செய்பவர் ஒப்புக்கொண்டார்.

"நான் ஆளைக் கூட்டிட்டு வர மாட்டேன்" என்றார் அக்கா.

அலுவலகத்தில் நான் எழுந்து நின்று வாதாடினேன். அந்த வாதத்தை இன்றும் நான் திரும்பப் பெறவில்லை. "கொடுக்கிறவர் தாம் கொடுத்தது நடக்கிறதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுவது பாவமா? அதைப் பார்க்கிற கூட்டத்தில் இன்னும் இருவர் கொடுத்தால், இன்னும் இரண்டு பேர் நடப்பார்களே. உங்கள் கூச்சத்துக்கு விலை அவர்களுடைய கால்களா?"

கர்னல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"பாக்கட்டும் மைக்கு. நான் வேணாம்னா சொன்னேன்? வயக்காட்டுக்கு வந்து பாக்கட்டும். செருப்பைக் கழட்டிட்டுச் சேத்துல எறங்கிப் பாக்கட்டும்."

"அதை ஹவில்தார் சொல்லட்டும். அவர் சார்பா நீங்க ஏன் மறுக்குறீங்க?"

இந்தக் கேள்வி அவரைத் தைத்தது. அன்றே திருவாதவூருக்கு வண்டியை விட்டார். ஹவில்தார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மீசையைத் தடவினார்.

"ஏறுறேன் தங்கச்சி. எனக்கென்ன வெக்கம்? ரெண்டு காலோட நாலு பேரு முன்னால நடந்து எம்புட்டு நாளாச்சு."

"ஆமா, ஏத்திவிடுங்க" என்றார் அவர் மனைவி. "வீட்டுல எம்முன்னாலயே நடந்து நடந்து அலுத்துப்போச்சு அவருக்கு."

அக்காவின் முகத்தில் அப்படியொரு தவிப்பை நான் கண்டதில்லை. எல்லோர் கைகளையும் பிரித்துவிட்டவருக்கு, இந்தக் கால்களைத் தடுக்க உரிமை இல்லை என்று தெரிந்துவிட்டது. வாசலுக்கும் வண்டிக்கும் இடையே நடந்தார். திரும்பி வந்தார்.

"சரிண்ணே. ஏறுங்க. ஆனா கும்புடக் கூடாது."

"பெறகு? மொறைச்சுப் பாக்கவா?"

"சல்யூட்டு வையுங்க. யாரு குடுக்குறாரோ அவரு திருப்பி வைக்கிற மட்டும் கையை எறக்காதீங்க."

ஹவில்தார் சற்று யோசித்தார். பிறகு சிறுவனைப்போல் சிரித்தார். "அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுக்கிறட்டும்."

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஒலிபெருக்கி என் கையில். வாசலில் முதலாளி செலவில் பெரிய பதாகை: 'எல்லையில் காலை இழந்த மாவீரருக்கு வாழ்வளிக்கும் வள்ளல்'. யார் எழுதிக் கொடுத்தது என்று தெரியவில்லை, நான் இல்லை. நான் எழுதியிருந்தால் அதில் இவ்வளவு மோனை இருந்திருக்காது. அக்கா அதைப் படித்தார். மண்டபத்தின் கடைசிக் கதவருகே போய் நின்றுகொண்டார். வெளியே அவர் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

ஹவில்தார் வந்தார். பழைய பதக்கங்கள் சட்டையில் ஆட, மேடையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்தார். புதுக் கால் சற்று முரண்டு பிடித்தது. ஆனாலும் அது நடை, அணிவகுப்பு நடை. மண்டபம் கைதட்டியது. முதலாளி இரு கைகளாலும் சால்வையை விரித்து, நிழற்படக்காரரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

ஹவில்தார் அவர் முன் நின்றார். கை நெற்றிக்குப் போனது. அங்கேயே நின்றது.

முதலாளி புன்னகைத்தார். தலையசைத்தார். சால்வையை இன்னும் சற்று உயர்த்தினார். உயர்ந்த முழங்கை குறுக்கே நின்றதால் சால்வையைப் போர்த்த முடியவில்லை. கைத்தட்டல் தேய்ந்து ஓய்ந்தது. "கையை எறக்குங்க ஐயா" என்றார் நிழற்படக்காரர். ஹவில்தார் இறக்கவில்லை. கர்னல் தம் நாற்காலியிலிருந்து எழுந்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அதற்கும் இறங்கவில்லை. கொடுத்தவர் கர்னல் இல்லையே. ஹவில்தாரின் புதுக் கால் நடுங்கத் தொடங்கியது. கால்சட்டைத் துணி அதிர்வதை நான் பக்கத்திலிருந்து கண்டேன். விழுந்துவிட்டால்? முதலாளி முகம் சிவந்து இறங்கிப் போய்விட்டால்? அந்தக் கால் காசோலையோடு திரும்பிப் போய்விடும், நடவு போய்விடும், வயல் போய்விடும். நான் ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனேன். எந்த மௌனத்தையும் நிரப்ப என்னிடம் சொற்கள் உண்டு. கடைசிக் கதவருகே நின்ற அக்கா தலையை ஒருமுறை இடமும் வலமும் அசைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். மேடையில் அதுவே என் முதல் மௌனம்.

முன்வரிசையில் இருந்த ஒரு முன்னாள் படைவீரர்தான் பொறுக்கமாட்டாமல் கத்தினார். "முதலாளி, நீங்களும் கையைத் தூக்குங்க! அவரு எறக்க மாட்டாரு!"

முதலாளி பதறிப்போனார். சால்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றிருந்த என் தோளில் போட்டார். இடது கையைத் தூக்கினார். யாரோ "சோத்துக் கை, சோத்துக் கை" என்றார்கள். வலது கையை மாற்றித் தூக்கினார், விரல்கள் விரிந்திருந்தன, காதுக்குப் பக்கத்தில் ஈயை ஓட்டுவதுபோல் இருந்தது. போதும். ஹவில்தாரின் கை வாள்போல் இறங்கியது.

மண்டபம் வெடித்தது. அந்த ஆரவாரத்திலேயே ஹவில்தார் என் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினார்.

"வாசல்ல எழுதிருக்கு, கால் எல்லையில போச்சுன்னு. இல்லைங்க. சர்வீஸ் முழுக்க ரெண்டு காலும் நல்லாத்தேன் இருந்துச்சு. போனது ரிங் ரோட்டுல. லாரி. முதலாளி குடுத்தது வயக்காட்டுல நிக்கிறதுக்கு. நடவுக்கு வாங்க முதலாளி, சோறு போடுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார், அவர் கண்கள் சிரிக்கவில்லை. கடைசிக் கதவைப் பார்த்தேன். அக்கா இல்லை. வெளியே உறுமல் தூரமாகிப் போனது.

கால் தங்கியது. காசோலை வந்தது. நடவுக்கு முதலாளி வரவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் உதவினார். கடை மேலாளரை அனுப்பி உதவினார். இது வெற்றியா, தோல்வியா? அக்காவிடமே கேட்டேன்.

"போட்டோக்காரரு உங்களைக் கையைத் தூக்கி நிக்க வச்சாரு. நீங்க ஹவில்தாரைக் கையைத் தூக்கி நிக்க வச்சீங்க. என்ன வித்தியாசம்?"

"அதைத்தேன் நானும் யோசிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுறேன்" என்றார். "அவரு விழுந்துருந்தாருன்னா? முடிவு ஒண்ணும் வரலை. ஒனக்கு வந்தாச் சொல்லு."

எனக்கும் வரவில்லை. முழங்கால்வரை சேற்றில் நின்ற ஹவில்தாரிடம், அன்று கை வலித்ததா என்று கேட்டேன். "கை வலிக்கலை தம்பி. அந்த மனுசன் முழிச்ச முழி இருக்கே, சிரிப்பை அடக்குனதுலதேன் வயிறு வலிச்சுப்போச்சு." இந்தப் பதில் என்னை ஒரு நாள் அமைதிப்படுத்தும், மறுநாள் மீண்டும் கேள்வி தொடங்கும்.

அக்கா சென்ற ஆண்டு மாரடைப்பில் போனார். பூசணிக்காய் அம்மாள் வீட்டில், தண்ணீர் கேட்டு வாங்கிக் கையில் வைத்தபடி உட்கார்ந்தாராம், எழவில்லை. வாசலில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை அந்த அம்மாள்தான் போய் அணைத்திருக்கிறார்.

அறக்கட்டளை இரங்கல் கூட்டம் வைத்தது. அதே மண்டபம். பேச என்னை அழைத்தார்கள். மேடைக்குப் பின்னால் ஆளுயர ஃப்ளெக்ஸ். நிமிர்ந்து பார்த்தேன். வீங்கிய கண்கள். கூப்பிய கைகள். மழையில் தலைகீழாகத் தொங்கிய அதே படம், இப்போது நேராக.

"வேற படமே கிடைக்கலை தம்பி" என்றார் கர்னல், குரல் தாழ்த்தி. "எந்த விழாவிலயும் நின்னு எடுக்கவிட்டதே இல்லையே அந்தம்மா. பழைய பத்திரிகையிலிருந்து எடுத்தோம்."

நான் அழகாகத்தான் தொடங்கினேன். என் குரல் என்னைக் கைவிடவில்லை. மண்டபம் கண்கலங்கத் தொடங்கியபோது, நடுவரிசையிலிருந்து ஹவில்தார் எழுந்தார். மெல்ல மேடையேறினார். என்னைக் கடந்து போய் அந்தப் படத்துக்கு முன் நின்றார். அவர் கை நெற்றிக்குப் போனது.

இறங்கவில்லை.

நான் பேச்சை நிறுத்தினேன். யார் திருப்பி வைப்பது? படத்தில் இருந்தவருக்குக் கை இல்லை. கை இரண்டும் கூப்பிக் கிடந்தன. கர்னல் எழுந்தார், பாதியில் நின்றுவிட்டார். பூசணிக்காய் அம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அந்தக் கால் மறுபடியும் நடுங்கத் தொடங்கியது. அந்த மனிதர் விழும்வரை இறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இத்தனை காலம் நான் திரட்டி வைத்திருந்த அடுக்குமொழிகளில் ஒன்றுகூட அந்தச் சல்யூட்டுக்குத் திருப்பி வைக்கத் தகுந்ததாக இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். ஃப்ளெக்ஸின் கயிற்றை ஒரு பக்கம் அவிழ்த்தேன், மறுபக்கம் அவிழ்த்தேன். அது என் மேல் சரிந்தது. நெஞ்சோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு இறங்கி, ஹவில்தாருக்கு எதிரே நின்று, ஒலிபெருக்கி இல்லாமலே, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"கையை எறக்குங்கண்ணே. இந்தப் படம் எந்தக் கூரைக்கும் போகாது, எங்கிட்டத்தேன் இருக்கும். இனிமே நம்ம மேடையில கும்புட்ட கையோட ஒருத்தர் படமும் ஏறாது. ஏறுச்சுன்னா, அந்த மேடையில நான் மைக்கப் புடிக்க மாட்டேன்."